தொண்ணூற்றெட்டே கலோரி

"என்னங்க, இது யாரோட சட்டை?"

துவைக்கிற மெஷின் முன்னால் நின்றுகொண்டு டீச்சர் கேட்டார். கையில் நீலக் கோடு போட்ட சட்டை. அந்த வீட்டில் அந்த அளவுக்குச் சட்டை போடுகிற ஆள் ஒருத்தர்தான். அப்படியிருக்க இந்தக் கேள்வி வந்தால் அது கேள்வி இல்லை, விசாரணை.

"என்னோடதுதான். ஏன், பட்டன் போயிடுச்சா?" என்றார் லேபிள்காரர், ரொம்ப சாதாரணமாக.

"பட்டன் எல்லாம் பத்திரமா இருக்கு. பையிலதான் கூடுதலா ஒண்ணு இருக்கு."

டீச்சர் விரலிடுக்கில் தங்க நிறக் காகிதம் ஒன்று பளபளத்தது. எட்டாக மடித்து, மேலும் ஒரு தடவை மடித்து, இன்னும் மடிக்க முடியாமல் விட்ட சாக்லேட் உறை. உள்ளே கேரமல், மேலே சாக்லேட், ஐம்பது கிராம். அது லேபிள்காரர் வேலை பார்க்கிற தொழிற்சாலையின் சரக்கு.

லேபிள்காரர் திருதிருவென்று விழித்தார். இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலையே அந்த உறையின் பின்பக்கம்தான். பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்குமே, கலோரி இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று, நாமெல்லாம் படிக்காமல் கிழித்துப் போடுவோமே, அந்தக் கட்டத்தை அடுக்கி அச்சுக்கு அனுப்புகிறவர் அவர். ஊரில் அதைப் படிக்கிற ஒரே ஜீவன் டீச்சர். அவரைத் தேடிப் பிடித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டது லேபிள்காரரின் சொந்த முடிவு.

டீச்சர் பிரித்துப் படித்தார். "இருநூத்தி நாப்பத்தி நாலு கலோரி. சர்க்கரை இருபத்தேழு கிராம்."

விஷயம் சின்னதாகத் தெரியலாம். இரண்டு நாள் முன்னால்தான் டாக்டர் லேபிள்காரரை எடை மெஷினில் ஏற்றிவிட்டு, இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொல்லி, "ரெண்டு மாசம் டைம். மூணு கிலோ இறங்கணும். இல்லேன்னா மாத்திரைதான்" என்று சொல்லியிருந்தார். மாத்திரைக்கு லேபிள்காரர் பயப்படவில்லை. டீச்சர் அதோடு சேர்த்த நிபந்தனைக்குத்தான் பயந்தார்.

"மூணு கிலோ இறங்கலேன்னா, என் தம்பியை வரச் சொல்லிடுவேன். மூணு மாசம் நம்ம வீட்டிலேயே தங்கி உங்களைக் கவனிச்சுக்கட்டும்."

டீச்சரின் தம்பி உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவன். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவானா என்பது தெரியாது. குடும்பத்தில் அவன் பேரே விசில். போன தடவை இரண்டே நாள் தங்கினான். காலை ஐந்து மணிக்கு லேபிள்காரர் காதுக்குப் பக்கத்தில் ஊதி, "மாமா, எழுந்திரிங்க, ஆறு ரவுண்டு!" என்றான். லேபிள்காரருக்கு இன்னமும் பிரஷர் குக்கர் சத்தம் கேட்டால் கால் தானாக ஓடப் பார்க்கும்.

அதனால்தான் டீச்சர் ஒரு நோட்டுப் போட்டார். லேபிள்காரர் வாயில் போவதெல்லாம் அதில் ஏறும். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐநூறு கலோரி, அதற்கு மேல் ஒரு கடலைகூடக் கிடையாது. நாலு மணி சாக்லேட்டுக்கு அந்த நோட்டில் இடமில்லை. ஆனால் லேபிள்காரருக்கு நாலு மணி சாக்லேட் இல்லாவிட்டால் ஐந்து மணி வரைக்கும் உயிர் இருக்காது.

"சொல்லுங்க. இது எப்படிப் பைக்குள்ள வந்துச்சு?"

அங்கேதான் லேபிள்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "சாப்பிட்டுட்டேன், மன்னிச்சுக்கோ" என்று சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக, "அது பழைய உறை. சும்மா மாதிரிக்கு வச்சிருந்தேன். இப்போ புதுசா வேற போடுறோம். டயட் இருக்கிறவங்களுக்குன்னே பண்றது. அதுல ரொம்பக் கம்மி" என்றார்.

"எவ்வளவு கம்மி?"

"தொண்ணூத்தெட்டு."

ஏன் தொண்ணூற்றெட்டு என்று அவருக்கே தெரியாது. நூறு என்றால் பொய் மாதிரி இருக்கும் என்று நாக்கு தானே முடிவு பண்ணிவிட்டது.

"அப்படியா?" டீச்சர் சட்டையை மெஷினுக்குள் போட்டார். "நாளைக்கு ஒண்ணு கொண்டாங்க, பாப்போம்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அச்சுக்கூடம் காலியானதும், லேபிள்காரர் சாம்பிள் பிரிண்டர் முன்னால் உட்கார்ந்தார். கலோரி 244 என்பதை அழித்து 98 என்று போட்டார். சர்க்கரை 27 கிராமை 5 ஆக்கினார். மாவுச்சத்தைப் பத்துக்கு இறக்கினார். கை சும்மா இருக்குமா, நார்ச்சத்து என்று ஒரு வரி சேர்த்து ஏழு கிராம் வைத்தார். அடுத்து கொழுப்பு, பன்னிரண்டு கிராம். அதன் மேல் விரலை வைத்தவருக்கு மனசாட்சி உறுத்தியது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு வரியாவது உண்மையா இருக்கட்டுமே என்று அதை மட்டும் தொடாமல் விட்டார்.

அச்சடித்து, வெட்டி, ஊழியர் கடையில் வாங்கிய சாக்லேட்டின் பழைய உறையை உரித்து, புது உறையைச் சுற்றி ஒட்டினார். பார்க்க அசலாக இருந்தது. இருக்காதா பின்னே, அசலை அடிக்கிற ஆளே அடித்ததாயிற்றே.

சாயங்காலம் டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். மறுபடி மேலே போய் இன்னொரு தடவை படித்தார். லேபிள்காரர் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யார் தயார் பண்ணாங்க?" என்றார் டீச்சர்.

"அது... ஆபீஸ்ல ஒருத்தர்."

"கெட்டிக்காரர்தான்."

டீச்சர் நோட்டை எடுத்து, அன்றைய தேதிக்கு நேராக "சாக்லேட், 98" என்று எழுதினார். உறையையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். "தினம் ஒண்ணு சாப்பிட்டுக்கோங்க. ஆனா உறையைக் கொண்டாந்து காட்டணும். ஒட்டணும்ல?"

லேபிள்காரருக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. சாப்பாட்டு மேஜைக்கு வந்தபோது புதுத் தட்டு ஒன்று இருந்தது. ஓரத்தில் பச்சைப் பூப் போட்ட அழகான தட்டு.

"பழைய தட்டு எங்க?"

"விரிசல் விட்டுடுச்சு. ஏன், இது நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு," என்றார். அன்றைக்கு அவருக்கு எல்லாமே நல்லாத்தான் இருந்தது. ரொட்டி, சூப், காய் எல்லாம் தட்டு நிறைய இருக்க, திருப்தியாகச் சாப்பிட்டு எழுந்தார்.

பத்து நாள் நிம்மதியாகப் போனது. பதினோராவது நாள் டீச்சர் சொன்னார்: "என்னங்க, எனக்கு அந்தச் சாக்லேட் நாப்பத்தொண்ணு வேணும். ஸ்கூலுக்கு."

லேபிள்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாப்பத்தொண்ணா? உங்க டீச்சருங்க ரூம்ல பதினோரு பேர்தானே?"

"ஆளுக்கு ஒண்ணுதான் சாப்பிடணும்னு சட்டமா? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். உறை கசங்காம, எழுத்து பளிச்சுனு தெரியணும்."

முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடினார். கிடைத்த காரணம் எல்லாமே அவரைத்தான் காட்டிக்கொடுத்தது. ஆகவே மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் காகிதக் கிடங்குக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, நாற்பத்தொரு சாக்லேட்டை உரித்து, நாற்பத்தொரு சாக்லேட்டைச் சுற்றினார். விரலெல்லாம் பசை. தொலைபேசியை எடுத்தால் காதோடு ஒட்டியது.

அதைவிடப் பெரிய தலைவலி, உரித்துப் போட்ட நாற்பத்தொரு அசல் உறை. தொழிற்சாலைக் குப்பையில் போட்டால் ஆய்வகத்து மேடம் கண்ணில் படும். மேடம் சாமானியப்பட்ட ஆள் இல்லை. உறையில் ஏறுகிற ஒவ்வொரு எண்ணும் அவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டதுதான். அவருக்கு உலகத்தில் இரண்டே கவலை: ஒன்று சாக்லேட்டின் சத்து அளவு, இன்னொன்று மகளின் கணக்கு மார்க். இரண்டிலும் அரை எண் விட்டுக்கொடுக்க மாட்டார். வீட்டுக் குப்பையில் போடலாமென்றால் அங்கே டீச்சர். கடைசியில் லேபிள்காரர் உறைகளைக் கைப்பையில் அடைத்துக்கொண்டு, பஸ்ஸை விட்டுவிட்டு, நாலு தெரு நடந்து, தெருவுக்குப் பத்தாகக் குப்பைத் தொட்டிகளில் போட்டார். மிஞ்சிய ஒன்றை ஒரு தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டார், பதற்றத்தில்.

வெள்ளிக்கிழமை போய் சனிக்கிழமை வந்தது. விசிலிடமிருந்து போன் வந்தது.

"மாமா! அக்கா சொன்னா. தொண்ணூத்தெட்டே கலோரியாமே? நம்ம கூடத்துக்கு ஒரு அறுபது அனுப்புங்க."

"அறுபதா?"

"முதல்ல அறுபது. அப்புறம் மாசாமாசம் பாத்துக்கலாம்."

லேபிள்காரர் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் இந்தக் கதையில் பாதி நடந்திருக்காது. "அதை நிறுத்திட்டாங்கப்பா. விக்கலையாம். இனிமே வராது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

திரும்பினால் டீச்சர்.

"நிறுத்திட்டாங்களா? இவ்வளவு நல்ல பொருளையா?" டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இதை விடக்கூடாது. கம்பெனிக்கு நான் கடிதம் எழுதுறேன். அந்த உறையையும் சேர்த்து அனுப்புறேன். இப்படி ஒரு சாக்லேட்டை எப்படிப் பண்ணீங்கன்னு விளக்கமாக் கேக்கிறேன்."

சத்து அளவைப் பற்றி வருகிற கடிதமெல்லாம் நேராக ஆய்வகத்து மேடம் மேஜைக்குப் போகும். லேபிள்காரர் முந்திக்கொண்டார்.

"எழுதிக் குடு, நானே கையோட கொண்டு போய்க் குடுக்கிறேன். தபால்ல போட்டா காணாமப் போயிடும்."

நாலு பக்கம். அழகான கையெழுத்து. லேபிள்காரர் அதை வாங்கித் தன் மேஜை இழுப்பறையில் பூட்டினார். ஆனால் டீச்சர் தினமும் சாயங்காலம், "பதில் வந்துச்சா?" என்றார். நாலு நாள் சமாளித்தார். ஐந்தாவது நாள் அவரே உட்கார்ந்து பதில் எழுதினார். 'அன்புடையீர், தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தோம். தங்களுக்காக மேற்படி சாக்லேட்டை மீண்டும் தயாரிக்கிறோம். ஆனால் இது ஊழியர் குடும்பத்தினருக்கு மட்டுமே கிடைக்கும். இப்படிக்கு, நிர்வாகத்தினர்.' குடும்பத்துக்கு மட்டும் என்று போட்டதில் அவருக்கு ஒரே பெருமை. விசிலின் அறுபதை ஒரே வரியில் வெட்டியாயிற்று.

டீச்சர் கடிதத்தைப் படித்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். "ரொம்ப மரியாதையான கம்பெனிங்க உங்களது. சரி, என் தம்பியும் நம்ம குடும்பம்தானே? ஞாயிறு ஞாயிறு இங்க வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

எதற்குப் பயந்து இத்தனையும் செய்தாரோ அது ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்றது, விசிலோடு.

"மாமா, சும்மா சாக்லேட் சாப்பிட்டுட்டுப் போனா எனக்கே கூச்சமா இருக்கு. வாங்க, ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வந்துடுவோம்."

வாரத்துக்கு ஒரு நாளே இப்படியென்றால் மூன்று மாதம் எப்படியிருக்கும்? லேபிள்காரர் ஓடிக்கொண்டே கணக்குப் போட்டார். தினமும் நோட்டில் ஏறுவது தொண்ணூற்றெட்டு. வயிற்றில் ஏறுவது இருநூற்று நாற்பத்து நாலு. ஒரு நாளைக்கு நூற்று நாற்பத்தாறு கலோரி திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. அறுபது நாளைக்கு எட்டாயிரத்துச் சொச்சம். எடை மெஷின் முள் பொய் சொல்லாது. அதற்கு உறை ஒட்டவும் முடியாது.

சாக்லேட்டை விட்டுவிடலாமா என்றும் பார்த்தார். ஒரு நாள் உறை இல்லாமல் வீட்டுக்குப் போனார். "ஏங்க, இன்னிக்கு சாப்பிடலையா? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததும், மறுநாளே பழையபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அறுபதாவது நாள் வந்தது. டாக்டர் அறையில் லேபிள்காரர் செருப்பைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை, சில்லறையை, பஸ் டிக்கெட்டை எடுத்து வைத்தார். கண்ணாடியையும் கழற்றினார். மெஷினில் ஏறிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். விசில் மூன்று பெட்டியோடு வந்து ஹாலில் படுக்கை விரிப்பது கண்ணுக்குள் தெரிந்தது.

"பிரமாதம்!" என்றார் டாக்டர்.

"எவ்வளவு ஏறியிருக்கு டாக்டர்?"

"ஏறுறதா? மூணு கிலோ இருநூறு கிராம் இறங்கியிருக்கு சார்!"

லேபிள்காரர் கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். டீச்சர் பக்கத்தில் நின்று புன்னகை பூத்துக்கொண்டிருந்தார். "நான்தான் சொன்னேன்ல? எல்லாம் அந்தச் சாக்லேட் பண்ணின புண்ணியம்."

அன்றிலிருந்து லேபிள்காரருக்கு நிம்மதி போயிற்று. விசில் வரவில்லை, சந்தோஷம். மாத்திரை இல்லை, அதுவும் சந்தோஷம். ஆனால் இது எப்படி நடந்தது? ஞாயிற்றுக்கிழமை ரெண்டு ரவுண்டுக்கு மூணு கிலோ கரையுமா? பொய் உறைக்குள்ளே இருந்த சாக்லேட் நிஜமாகவே தொண்ணூற்றெட்டு கலோரி ஆகிவிட்டதா? அப்படியென்றால் அசல் உறையில் இருக்கிற இருநூற்று நாற்பத்து நாலுதானே பொய்? லட்சக்கணக்கான உறையில் இருபத்திரண்டு வருஷமாக அவர் கையால் அச்சடித்த எண் தப்பா? தொழிலுக்கு இப்படி ஒரு களங்கமா? இரண்டு நாள் யோசித்தார். மூன்றாவது நாள், வருவது வரட்டும் என்று ஒரு சாக்லேட்டை எடுத்துக்கொண்டு ஆய்வகக் கதவைத் தட்டினார்.

மேடம் வெள்ளைக் கோட்டோடு மேஜை முன்னால் உட்கார்ந்து ஏதோ காகிதத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இதைக் கொஞ்சம் சோதிச்சுப் பாக்கணும். கலோரி குறைஞ்சு போயிடுச்சோன்னு சந்தேகமா இருக்கு."

"காலையிலதான் பாத்தேன். இருநூத்தி நாப்பத்தி நாலு. போன வருஷமும் அதேதான், அதுக்கு முந்தின வருஷமும் அதேதான்."

"நிச்சயமா?"

"சார், என் எண்ணுல சந்தேகப்படாதீங்க. நானே கடுப்புல இருக்கேன்." மேடம் கையிலிருந்த காகிதத்தை மேஜையில் அடித்தார். "என் பொண்ணோட கணக்குப் பேப்பர். ரெண்டு மாசமா ஒளிச்சு வச்சிருந்திருக்கா. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு. அஞ்சு மார்க்கை ஒரே கேள்வியில கோட்டை விட்டிருக்கா."

"விடுங்க மேடம். சின்னப் பொண்ணு."

"எப்படி விடுறது? புதுமாதிரிப் பரீட்சையாம். ஒன்பதாம் வகுப்புல நாப்பத்தொரு பிள்ளைங்க. ஆளுக்கு ஒரு சாக்லேட்டைக் குடுத்து, உறையைப் பாத்துக் கணக்குப் போட்டுட்டு சாக்லேட்டைச் சாப்பிட்டுக்கோங்கன்னு சொல்லியிருக்காங்க அந்த டீச்சர்."

லேபிள்காரர் கையிலிருந்த சாக்லேட் கீழே விழுந்தது.

"நா... நாப்பத்தொண்ணா?"

"ஆமா. நீங்க லேபிள் வேலை பாக்கிறவர்தானே, நீங்களே சொல்லுங்க. இது பிள்ளைங்க கிட்ட கேக்கிற கேள்வியா?" மேடம் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, கேள்வித்தாளை விளக்குக்கு அருகில் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்: "'கொழுப்பு 12 கிராம் என்றால் அதுவே 108 கலோரி என்பதை மறந்து, மொத்தமே 98 கலோரி என்று உறையில் அச்சடித்து ஒரு கணவர் தினமும் வீட்டில் காட்டுகிறார், உண்மையில் அவர் சாப்பிடுவது 244, மிச்சமுள்ள 146 கலோரியை அவருக்கே தெரியாமல் இரவுச் சாப்பாட்டில் குறைக்க வேண்டுமானால், அவர் மனைவி வாங்க வேண்டிய புதுத் தட்டின் விட்டம் என்ன?'"